ஐந்தாம் நம்பர் பிஸ்டல்

ஜூன் 3, திங்கள்

கோயம்புத்தூருக்குப் போயிருந்த எட்டு பிஸ்டல்களும் இன்று வந்து சேர்ந்தன. கறுப்பாய்ப் போனவை சாம்பல் நிறத்தில் திரும்பியிருக்கின்றன. எல்லாம் கடல் ரோந்துப் படகுகளுக்கு உரியவை. உப்புக்காற்றில் துருப்பிடித்து என்னிடம் வரும், நான் துடைத்து அனுப்புவேன், மறு மாதம் அதே துருவோடு வந்து நிற்கும். அதனால் இந்தத் தடவை துரு ஏறாத செராமிக் கோட்டிங் கொடுத்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடைப் பிடித்து இழுத்தால் வருவேனா என்கிறது. பூச்சுக்கும் ஒரு கனம் உண்டு அல்லவா? ஸ்லைடுக்கும் அது ஓடுகிற தண்டவாளத்துக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடைவெளியை அது தின்றுவிட்டது. இனி எண்ணெய் விட்டு, கையால் இழுத்து இழுத்து, அப்புறம் சுட்டுச் சுட்டு, உரசுகிற இடமெல்லாம் வழவழப்பாகும் வரை பழக்கி எடுக்க வேண்டும்.

"ஏம்மா வடிவு, ஜூலை முடியுறதுக்குள்ள எட்டையும் படகுல ஏத்திரணும், கேட்டியா" என்றார் எங்கள் ரிசர்வ் இன்ஸ்பெக்டர் ஆர்.ஐ. ஐயா. புதன்கிழமைதோறும் தேரிக்காட்டுச் சுடுதளம் எங்களுக்கு. மெரைன் யூனிட்டிலிருந்து ஒருவர் வந்து சுட்டுப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் முறை.

இந்த டைரி ஜீனத் கொடுத்தது, ஏதோ உரக்கடை விளம்பர டைரி. ஜீனத் எங்கள் அலுவலகத்து ரைட்டர். "எப்பப் பாரு எல்லார் மேலயும் எரிஞ்சு விழுதீங்க. இதுல விழுங்கக்கா, யாருக்கும் வலிக்காது" என்றாள். ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற ஆர்மரர், போலீஸ் குவார்ட்டர்ஸில் தனிக்கட்டை, கல்யாணம் ஒரு வருஷத்தில் முறிந்து கோர்ட்டும் முடிந்து போனவள். என் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது? பிஸ்டலைப் பற்றி எழுதுகிறேன்.

ஜூன் 5, புதன்

மெரைன் ஆள் ஒன்பது மணிக்கு வர வேண்டியவர், பத்தேகாலுக்கு வந்தார். பெயர் கிளிட்டஸ். என்னைப் போல ஏட்டுதான். சட்டைக் கை இரண்டும் ஈரம், மேலெல்லாம் டீசல் வாடை.

"மன்னிக்கணும் மேடம். வலை ஒண்ணு புரொப்பல்லர்ல சுத்திக்கிட்டு. முங்கி அறுத்துட்டு வாரேன்."

"முங்குறதுதான் முங்குனீங்க, வெள்ளனவே முங்கியிருக்கலாம்லா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதல் பிஸ்டலில் மூன்றாவது ரவுண்டிலேயே சிக்கிக்கொண்டது. சுட்ட காலித் தோட்டா வெளியே தெறிக்காமல் ஸ்லைடின் வாயில் நட்டுக்குத்தலாய் நின்றது. எதிர்பார்த்ததுதான். துப்பாக்கி சிக்கினால் எல்லாரும் அதைத் திட்டுவார்கள், ஆர்மரரையும் சேர்த்துத் திட்டுவார்கள். இவர் குழலை மண்ணைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, "என்ன அவசரம், மெதுவா வா" என்று பிஸ்டலிடம் சொன்னார். கோட்டி பிடித்த மனுஷன் போலிருக்கிறது. ஆனால் கை உறுதியான கை. டார்கெட்டில் சுட்டதெல்லாம் ஒரு தேங்காய்க்குள் அடங்கும்.

தோட்டாப் பெட்டியை என்னைத் தூக்க விடவில்லை. எனக்கென்ன கை இல்லையா என்று கேட்டேன். "நான் சும்மா நிக்கேன்லா மேடம்" என்று ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் வைத்தார்.

ஜூன் 8, சனி

காலையிலிருந்து ஸ்லைடு இழுத்ததுதான் வேலை. ரேடியோவில் ஐந்தாறு பாட்டுக்கு ஒரு பிஸ்டல். உள்ளங்கையில் கொப்புளம். சாம்பார் சாதம் பிசைய எரிந்தது.

ஜூன் 12, புதன்

இன்று ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்து நின்றார். என் கையைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு ஜோடிக் கையுறை எடுத்துக் கொடுத்தார். படகில் கயிறு பிடிக்கிறவர்கள் போடுவது. "புதுசு மேடம், யாரும் போடல" என்றார். போட்டுப் பார்த்தேன். பெரிது. போட்டுக்கொண்டேன்.

ஒன்று, மூன்று, நான்கு நன்றாக ஓடத் தொடங்கிவிட்டன. இரண்டும் ஐந்தும் எப்போதாவது முனகுகின்றன. ஆறு முதல் எட்டு வரை இன்னும் முரண்டு.

சுட்டு முடித்தால் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மண்ணைச் சலித்தாவது கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இன்று ஒன்று குறைந்தது. தேரிமணல் ரத்தச் சிவப்பு, பித்தளையை அப்படியே விழுங்கிவிடும். இரண்டு பேரும் குனிந்து தேடினோம்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. தேட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே என் வலது ஷூவுக்கடியில் ஏதோ உருண்டது. குனிந்து எடுக்கத்தான் போனேன். அப்போதுதான் அவர் தம் அப்பாவின் படகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மூத்த தங்கை கல்யாணத்துக்கு வலை போனது, அடுத்தவளுக்கு இன்ஜின் போனது, கடைசித் தங்கைக்குப் படகே போனது. "மூணு பேரையும் கரையேத்திட்டுத் திரும்பிப் பாத்தா எனக்கு நரை வந்துட்டு மேடம். கல்யாணம்னு ஒண்ணு இருக்குன்னே மறந்து போச்சு. இந்தப் போலீஸ் படகு மட்டும் இல்லன்னா எனக்குக் கடலே இல்ல. கரையில எனக்கு உறக்கம் வராது, பாத்துக்கிடுங்க." ஒருவர் இவ்வளவு சொல்லும்போது நடுவில் புகுந்து 'இந்தா கிடைத்துவிட்டது' என்று எப்படிச் சொல்வது? மரியாதையாக இருக்காது. கதை முடிகிற வரை நின்றேன். கதை கொஞ்சம் நீளம்.

ஜூன் 13, வியாழன்

கிடங்கில் கரையான் மருந்து அடித்தார்கள். புதன் வர இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மூன்று பிஸ்டல் பாக்கி இருப்பதால் சொல்கிறேன்.

ஜூன் 19, புதன்

கிளிட்டஸ் ஏட்டையா வரவில்லை. அவருக்குக் காய்ச்சலாம், வேறு ஒருவர் வந்தார். நன்றாகவே சுட்டார். எட்டும் ஓடின, ஒன்றுகூடச் சிக்கவில்லை. காலித் தோட்டாக்களும் முழுதாய்க் கிடைத்தன. பதினொரு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது.

மோசமான நாள்.

ஜூன் 26, புதன்

வந்தார். முகம் வாடியிருந்தது. "காய்ச்சல் விட்டுட்டா?" என்றேன். "எந்தக் காய்ச்சல்?" என்றவர், உடனே "ஆமா ஆமா, விட்டுட்டு" என்றார். இன்று தோட்டாப் பெட்டியைத் தொடவேயில்லை, என்னையே தூக்கவிட்டார். பழகப் பழக மரியாதை போய்விடும் போல. டீ கிளாஸை இடது கையில் வாங்கினார். கடைக்காரர்கூட ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஐந்தாம் நம்பர் திரும்பவும் சிக்குகிறது. பத்து ரவுண்டில் மூன்று தடவை. போன வாரம் வெண்ணெய் போல ஓடியது இது. எட்டும் பழகிவிட்டதாக எழுதிக் கொடுக்கலாமென்று இருந்தேன், இனி முடியாது. அடுத்த புதனும் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சரி என்றார்.

ஐந்தாம் நம்பர் மீது எனக்கு ஒரு கோபமும் வரவில்லை.

ஜூன் 28, வெள்ளி

ஐந்தாம் நம்பரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தேன். உரசுகிற இடங்களில் பூச்சு பளபளவென்று தேய்ந்து, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது. ஸ்பிரிங் சரி, மேகசின் சரி. ஒரு குறையும் இல்லை. பின் ஏன் சிக்குகிறாய் மூதி?

ஜூலை 3, புதன்

இன்று ஐந்தோடு சேர்ந்து இரண்டாம் நம்பரும் சிக்கியது, அப்புறம் ஏழும். ஆர்.ஐ. ஐயா சுடுதளத்துக்கு வந்திருந்தார், முகம் கடுகடுத்தது. "இப்படியே போனா எட்டையும் கோயம்புத்தூருக்கே திருப்பி அனுப்பிருவேன். படகுக்காரன் வெறுங்கையோடதான் கடலுக்குப் போவணும்" என்றார். ஏட்டையா தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிப் போனார்.

அவர் போன பிறகு, ஐயா இருக்கும்போதே நான் ஐந்தாம் நம்பரை எடுத்துப் பத்து ரவுண்டு சுட்டேன். பத்தும் பதமாய்ப் போயின. ஏழும் அப்படியே. ஐயா கையை விரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் பிஸ்டல் முழுவதுமே பின்னால் துள்ளும், ஸ்லைடு தன் ஓட்டத்தை முடிக்காது, காலித் தோட்டா பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். புதிதாய்ப் பயிற்சிக்கு வருகிறவர்கள் செய்யும் தப்பு அது. இத்தனை வருஷம் சுட்டவர், தேங்காய்க்குள் பத்தையும் அடக்குகிறவர், அந்தத் தப்பைச் செய்வாரா? வேண்டுமென்றே செய்தால் ஒழிய?

எட்டும் பழகிவிட்டால் புதன்கிழமைகள் முடிந்துபோகும். அது எனக்கு மட்டும்தான் உறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 4, வியாழன்

ஜீனத் கேட்டாள்: "என்னக்கா, காலையிலேர்ந்து யாரையும் திட்டலை. உடம்புக்குச் சொகமில்லையா?"

ஜூலை 9, செவ்வாய்

ஆலங்குளத்துத் தேங்காய் நல்லதாய்க் கிடைத்தது. நாளைக்குச் சொதி வைக்கலாமென்று இருக்கிறேன். சுடுதளத்தில் மத்தியானம் ஆகிவிடுகிறது, மனுஷர் பசியோடு போகிறார், அவ்வளவுதான். ஜீனத்திடம் வாயை விட்டுத் தொலைத்தேன்.

"சொதியா? யக்கா, அது உங்க ஆளுக மறுவீட்டுல மாப்பிள்ளைக்கு ஆக்கிப் போடுததுல்லா!"

"சீ போ. பருப்பும் தேங்காப்பாலும். அதுல மாப்பிள்ளை எங்க வந்தான்?"

"இஞ்சித் துவையலும் உண்டா?"

உண்டு என்றேன். கையைத் தட்டிக்கொண்டு ஓடினாள் கழுதை.

ஜூலை 10, புதன்

எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

இன்றும் ஐந்து சிக்கியது. சிக்கட்டும் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். பூ வேறு வைத்திருந்தேன். முடித்துவிட்டு டார்கெட் கொட்டகை நிழலில் டிபன் கேரியரைத் திறந்தேன். அப்புறம் சாப்பிடுகிறேன் என்றார். விடவில்லை. இலையைப் போட்டுச் சோறும் சொதியும் வைத்தேன். இடது கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டு வலது கையை இலைக்குக் கொண்டுபோனார். விரல்கள் சோற்றைத் தொட்டன, பிசையவில்லை. மணிக்கட்டு மடங்கவில்லை.

"ஸ்பூன் இருக்கா மேடம்?"

சொதியை யாராவது ஸ்பூனால் சாப்பிடுவார்களா? சட்டைக் கையை மேலே தள்ளினேன். உள்ளே கட்டு. அதற்கு மேலும் கீழும் வீக்கம்.

"எப்ப நடந்துச்சு?"

"போன மாசம். படகைக் கட்டும்போது ஒரு அலை தூக்கிட்டு. கை சுவருக்கும் படகுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு. நாட்டு வைத்தியரு கட்டுப் போட்டாரு. சுளுக்குன்னாரு."

"எக்ஸ்ரே?"

"எடுத்தா எலும்பு விட்டுருக்குன்னு எழுதுவான். எழுதுனா படகுலேர்ந்து எறக்கிருவான். ஒரு தடவை எறக்குனா எந்த மூலைக்கு மாத்துவானோ, திரும்ப ஏறவா விடுவான்?"

அப்போது அந்தக் காய்ச்சல், தோட்டாப் பெட்டி, இடது கை டீ, நெற்றி வேர்வை எல்லாம் வரிசையாய் வந்து என் முன்னால் நின்றன. எனக்காகச் சிக்கவில்லை. ஒரு ரவுண்டுகூட எனக்காகச் சிக்கவில்லை. வலியில் சிக்கியது. நான் கூறு கெட்டவள் பூ வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அவர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பிஸ்டல்தான் சிக்குதுன்னு எழுதிருங்க மேடம். கோட்டிங் சரியில்லன்னு. எட்டும் கோயம்புத்தூர் போயிட்டு வர ரெண்டு மாசம் ஆவும். அதுக்குள்ள கை சரியாயிரும்."

"அந்த ரெண்டு மாசம் படகுல போறவங்க கையில என்ன இருக்கும், துடுப்பா?"

"எனக்காக மேடம்."

எனக்காக. எந்த வாயிலிருந்து அதைக் கேட்க ஏங்கினேனோ அந்த வாயிலிருந்துதான் வந்தது. இப்படியா வர வேண்டும்?

"தளர்ந்த கையில எந்தப் பிஸ்டலும் சிக்கத்தான் செய்யும் ஏட்டையா. நல்ல கையை வேணும்னே தளத்திப் பிடிச்சாக்கூடச் சிக்கும். படகு ஆடும்போது, எதிர்ல ஒருத்தன் ஆயுதத்தோட நிக்கும்போது சிக்குனா? உங்களை விடுங்க, உங்க பின்னால நிக்கிறவங்களுக்கு யாரு பதில் சொல்லுதது?"

அடுத்த புதன் வரை நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன், அதற்குள் நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றேன்.

"உங்ககிட்ட கேட்டது என் தப்புதான்" என்று எழுந்தார். இலை அப்படியே கிடந்தது. இஞ்சித் துவையலைத் தொடக்கூட இல்லை.

ஜூலை 11, வியாழன்

பாத்திரம் கழுவினேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. அவர் வரவில்லை.

ஆர்.ஐ. ஐயா வந்தார். "என்னம்மா, திருப்பி அனுப்ப எழுதிரட்டுமா?" என்றார். வேண்டாம் ஐயா என்று எட்டையும் அவர் கண் முன்னால் சுட்டுக் காட்டினேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. கோட்டிங்கில் ஒரு குறையும் இல்லை, பழக்கமும் முடிந்துவிட்டது.

"அப்பம் மூணு வாரமா ஏன் சிக்குனுச்சு?"

எங்கேயாவது ஜீப் சத்தம் கேட்கிறதா என்று பாதையைப் பார்த்தேன். காற்றுதான். பொய் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன். எண்ணெய் பத்தவில்லை ஐயா, நான்தான் கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை. திட்டு எனக்கு விழும், அவர் படகு அவருக்கு. வாய் வரை வந்தது. அப்புறம் அந்தப் படகில் போகிற மற்றவர்களின் நினைப்பு வந்தது.

"சுட்டவர் கையில அடி பட்டிருக்கு ஐயா" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வரி. அவர் கடலை நான் ஒரு வரியில் எடுத்துவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

ஜீனத் மத்தியானம் ஓடி வந்தாள். "யக்கா, விஷயம் தெரியுமா? அந்த மெரைன் ஏட்டையா நேத்துக் காலையிலேயே பெரியாஸ்பத்திரிக்குத் தானாப் போயிட்டாராம். மணிக்கட்டுல சின்ன எலும்பு விட்டுருக்காம். மாவுக்கட்டு. எட்டு வாரம்."

நேற்றுக் காலையிலேயே. நான் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருக்கிறார். கொஞ்சம் பொறுத்திருந்தால் நான் சொல்லியிருக்கவே வேண்டாம். நான் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரியாமலா இருக்கும், போலீஸ்காரன் வாய்.

ஜூலை 24, புதன்

மெரைன் ஆட்கள் வந்து சுட்டுப் பார்த்து, பிஸ்டல்களை வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு படகுக்கும் ஏழு போதும், ஒன்று கிடங்கில் இருப்பில் இருக்கட்டும் என்று முடிவு. எதை வைத்துக்கொள்கிறாய் என்றார் ஐயா. ஐந்து என்றேன். சிக்கல் செய்தது அதுதானே, கண்காணிப்பில் இருக்கட்டும் என்றேன். ஐயாவும் சரியான யோசனை என்றார்.

ஏட்டையா கடைசித் தங்கை வீட்டில் இருக்கிறாராம். கையுறை என்னிடமே இருக்கிறது.

ஆகஸ்ட் 7, புதன்

சுடுதளத்தில் டார்கெட் பலகை காற்றில் விழுந்து கிடக்கிறது. நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ஐந்தாம் நம்பருக்கு எண்ணெய் போட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

ஐந்தாம் நம்பருக்கு எண்ணெய் போட்டேன். ஜீனத் எட்டிப் பார்த்து, "அதைப் பொரிச்சே எடுத்துருவீங்க போல" என்றாள்.

ஆகஸ்ட் 28, புதன்

அவரைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இதைச் சுற்றிச் சுற்றி எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. பார்க்க வேண்டும். திட்டினாலும் பரவாயில்லை, எதிரில் நின்று திட்டட்டும். கரையில் உறக்கம் வராது என்றாரே, இத்தனை நாளும் என்ன செய்கிறாரோ? எனக்கும்தான் வரவில்லை. நான் பிறந்ததிலிருந்து கரையில்தான் இருக்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஜீனத் அவர் நம்பரை ஒரு சீட்டில் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அடித்தேன். ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த நம்பரிலிருந்தே திரும்பி வந்தது. எடுக்கவில்லை. முப்பத்தேழு வயசுக்குத் தகுந்த காரியமா இது?

செப்டம்பர் 25, புதன்

காலையில் ஐயா கூப்பிட்டு, "மெரைன் ஏட்டு ஒருத்தன் பிட்னஸ் வாங்கிட்டு வாரான். பத்து ரவுண்டு சுட வச்சுப் பாரு. சரியாச் சுட்டா இன்னைக்கே படகு. இல்லன்னா அடுத்த புதன் திரும்பச் சுடட்டும்" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவுமில்லை.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சுடுதளத்தில் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். கட்டு இல்லை. "வணக்கம் மேடம்" என்றார். "வணக்கம்" என்றேன். ஐந்தாம் நம்பரைக் கொடுத்தேன்.

முதல் ரவுண்டு போனது. இரண்டாவது சிக்கியது.

எடுத்துவிட்டார். மூன்றாவது போனது. நான்காவது சிக்கியது. காலித் தோட்டா அதே இடத்தில் நட்டுக்குத்தலாய் நின்றது. எட்டு வாரம் மாவுக்கட்டுப் போட்டும் கை கூடவில்லை. படகு போயிற்று, அதையும் என் கையாலேயே எழுத வேண்டும். பிஸ்டலை வாங்கிக் கீழே வைத்தேன். அவர் கையைப் பிடித்தேன். எப்படிப் பிடித்தேனோ தெரியாது, பிடித்துவிட்டேன். கட்டைவிரலுக்குக் கீழே அமுக்கினேன்.

"வலிக்கா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல மேடம்."

"மடக்குங்க. அமுக்குங்க, என் கையைப் பிடிச்சு அமுக்குங்க."

அமுக்கினார். இரும்பு. எனக்கு வலித்தது.

"பின்ன என்னத்துக்குச் சிக்குது?"

கையை எடுத்துக்கொள்ளாமலே சொன்னார்: "நல்ல கையை வேணும்னே தளத்திப் பிடிச்சாக்கூடச் சிக்கும்னு நீங்கதான மேடம் சொன்னீங்க."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் பிஸ்டலை எடுத்து மீதி ஆறையும் சுட்டுவிட்டார். ஆறும் ஒரு நார்த்தங்காய்க்குள் அடங்கும்.

"சிக்குனது ரெண்டு மேடம். பெயில்னு எழுதுங்க. அடுத்த புதன் வாரேன்."

"கோட்டியா பிடிச்சிருக்கு? பாஸ்னா இன்னைக்கே படகு!"

"தெரியும்."

"கடல் இல்லாம உறக்கம் வராதுன்னீங்க?"

"இத்தனை நாளு கரையில கெடந்தேன்லா. உறக்கம் வராததுக்குக் கடல் மட்டும் காரணமில்லன்னு தெரிஞ்சுட்டு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "புதன்கிழமை வாரதுக்குப் பிஸ்டல் சிக்கணும்னு ஒண்ணும் இல்ல ஏட்டையா" என்றேன். சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

காலித் தோட்டாக்களைப் பொறுக்கினோம். ஒன்பதுதான் இருந்தது.

குனிந்து தேடிக்கொண்டே, மண்ணைப் பார்த்தபடி கேட்டேன். "அன்னைக்கு ஐயாகிட்ட நான் சொன்னது தெரியுமா?"

"மறுநாளே தெரியும்."

"கோவமா?"

"ரெண்டு நாளு இருந்துச்சு. மூணாம் நாளு, சொதியை அப்படியே இலையில போட்டுட்டு வந்தது ஞாபகம் வந்துட்டு. அதுலேர்ந்து அந்த நெனப்புதான். எங்க அம்மா ஊருல ஒரு சொதி உண்டு மேடம், மீன் போட்டு வைக்கிறது, அது ஒரு பெரிய கதை…"

நிமிர்ந்து பார்த்தேன். அவர் குனியவுமில்லை, தேடவுமில்லை. நின்ற இடத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். வலது கால் கொஞ்சம் முன்னால் இருந்தது. அந்த ஷூவைச் சுற்றி மணல் கலையவே இல்லை. ஜூன் மாதம் நான் நின்ற மாதிரியே நின்றார், அதே வலது கால். அப்போதே பார்த்திருக்கிறார் மனுஷர்.

"கதை நீளமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் நீளந்தான் மேடம்."

"சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தேடினேன்.